ஒரு படி தவிடு

ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். பூமாலையின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்று, "நானும் எங்கம்மாவும்தான் டீச்சர். எங்கம்மா என்னைய ஒரு படி தவிட்டுக்கு வாங்குனாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் பையன் தன் வீட்டில் எத்தனை ஆடு என்று சொன்ன அதே பெருமையோடு சொன்னாளாம்.

டீச்சர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். பதறிப்போய்த் தலைமையாசிரியையிடம் ஓடினார். சேர்க்கைப் பதிவேட்டில் தாய் பெயர் செல்வம்மாள் என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழுக்கான இடத்தில் 'பின்னர் தரப்படும்' என்று இருந்தது. மறுநாள் காலை குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் போய், அங்கிருந்து அரியலூருக்கு வந்து, ரீனாவின் மேசையில் இறங்கியது.

ரீனா மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர். வரதராஜன்பேட்டைக்காரி, முப்பத்திரண்டு வயது. பிள்ளைகள் யாரிடம், எப்படி இருக்கிறார்கள் என்று வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதுவது அவள் வேலை. அவள் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் குழந்தைகள் நலக்குழு உத்தரவு போடும். 'விலைக்கு வாங்கப்பட்ட பெண் குழந்தை' என்று தாளில் இருந்ததைப் பார்த்து அவள் பயப்படவில்லை. தவிடு என்ற சொல்லைப் படித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் சங்கடமாக இருந்தது.

ஜெயங்கொண்டம் வரை ஒரு பஸ், அங்கிருந்து மீன்சுருட்டிக்கு இன்னொரு பஸ், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. செல்வம்மாள் வாசலில் சாக்கு விரித்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்திருந்தன.

"எந்த ஆபீஸும்மா?"

"குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ், அரியலூர்."

"பாதுகாப்பா? வூட்டுல நாய்தான் இல்ல. மத்தபடி பாதுகாப்பாத்தான் இருக்கோம்" என்று சிரித்தவள், ரீனா நோட்டைத் திறந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "பூமாலையப் பத்தியா?"

"ஆமாங்கக்கா."

செல்வம்மாள் எதையும் மறைக்கவில்லை. அடுத்த தெருவில் இருந்தவள் சத்யா. அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பதினோரு நாள், ஒன்று நாலு மாதம். மூன்றாவதாகப் பிறந்தது இது, இரண்டு கிலோ கூட இல்லை.

"மாரியம்மன் கோயில் வாசல்ல முறத்துல போட்டு வச்சா. நான் ஒரு படி தவிட்டக் குடுத்து வாங்கிக்கிட்டேன். எமன் வந்து பாத்தான்னா, இது சத்யா பிள்ள இல்ல, செல்வம்மா பிள்ளன்னு திரும்பிப் போவணும்ல? அதுக்குத்தான்."

ரீனாவுக்கு இது புதிதல்ல. அவளுடைய சித்தப்பாவையே சின்ன வயதில் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் எடுத்து வந்தார்களாம்.

"அன்னிக்கே மீட்டுக்குவாங்களே அக்கா?"

"அன்னிக்கேதான் மீட்டுக்குவாங்க. பூசாரி இவ ஜாதகத்தப் பாத்துட்டு, மூணு வருசம் கழிச்சு மீட்டுக்கன்னுட்டாரு. அதுவரைக்கும் பெத்தவ தன் வாயால எம்புள்ளன்னு சொல்லக்கூடாது. சத்யா பால் குடுக்க வருவா. 'செல்வக்கா, ஒம்புள்ளைக்குப் பசி வந்துருச்சு போல'ம்பா. சிரிப்பா இருக்கும்."

பிள்ளைக்கு இரண்டு வயது ஆனபோது சத்யாவின் கணவன் அய்யாக்கண்ணு, திருப்பூரில் கட்டட வேலையில் சுவர் இடிந்து இறந்துபோனான். சத்யா ஆறு மாதம் பேச்சில்லாமல் கிடந்தாள். அவள் அண்ணன் வந்து பெரம்பலூர்ப் பக்கம் இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனவள்தான். பூசாரி சொன்ன மூன்று வருடம் முடிந்தது. மீட்க வரவில்லை.

"நீங்க போய்க் கூப்பிடலையா?"

செல்வம்மாள் ஒரு கொட்டையை எடுத்து உடைத்தாள். பருப்பு முழுதாக வந்தது. "கூப்புடுவனா?" என்றாள்.

நாலு மணிக்குப் பூமாலை வந்தாள். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரீனாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து எழுத்துக் கூட்டினாள். "ரீ... னா. ரீனா டீச்சரா?"

"டீச்சர் இல்ல. சும்மா ரீனா."

"சும்மா ரீனாவா?" என்று கேட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, ரீனாவின் முழங்காலில் சாய்ந்தாள். தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. அரை நிமிடம்தான் இருக்கும். ரீனாவும் கணவன் ஆண்ட்ரூஸும் தத்தெடுக்கப் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. இணையதளத்தில் வரிசை எண்ணைப் பார்ப்பதும் மூடுவதுமாகப் போன மூன்று வருடம். இந்தம்மாவுக்கு ஒரு படி தவிட்டுக்குக் கிடைத்திருக்கிறாள் என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. எழுந்து, "வரேங்கக்கா" என்றாள்.

*

"விக்கிறதும் வாங்குறதும் சட்டப்படி குத்தம்" என்றார் அதிகாரி இருதயநாதன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். "இது சடங்குன்னு வெளக்கமா எழுதுங்க. போலீஸுக்குப் போகாம நான் பாத்துக்கறேன். ஆனா அந்தம்மாகிட்ட ஒரு தாள் கெடையாதே ரீனா. தாள் இல்லாதவங்ககிட்ட பிள்ளைய விட்டுவைக்க முடியாதும்மா."

மறுநாளே பூமாலையைக் குழுவின் முன் நிறுத்த வேண்டியிருந்தது. தலைவர், ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை, ரீனாவின் அறிக்கையைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பதினைந்து நாள் மட்டும் செல்வம்மாளிடம் விட்டுவைத்தார். அதற்குள் பெற்ற தாயைக் கண்டுபிடிக்க வேண்டும். தாய் வந்து, இது என் மகள்தான், செல்வம்மாளிடம் வளரச் சம்மதிக்கிறேன் என்று சொன்னால், வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் அங்கேயே இருக்க உத்தரவு போடலாம். தாய் வராவிட்டால் பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தை. இல்லத்துக்குப் போகும். பிறகு தத்துக்கு, வரிசையில் நிற்கும் யாரோ ஒரு தம்பதிக்கு.

சாயங்காலம் ஆண்ட்ரூஸ் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, அவளுக்கும் சேர்த்து டீ போட்டான். அங்கே எலக்ட்ரீஷியன். இருமும்போது மட்டும் ஆலை அவனோடு வீட்டுக்கு வரும். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், முழங்காலில் சாய்ந்ததையும்.

"அந்த அம்மா வரலன்னா பிள்ள யாருக்கோதான் போவப் போவுது" என்றான் மெதுவாக.

"ஆமா."

"யாரோ ஒருத்தவங்க..."

"சொல்லாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லப் போனீங்க. நானும் நெனச்சேன். அதனாலதான் சொல்லாதீங்கங்கறேன்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அறிக்கை எழுதுறவ நானு. நான் கொஞ்சம் மெதுவாத் தேடுனாப் போதும், பதினஞ்சு நாளு தானாப் போயிரும். யாருக்கும் தெரியாது. அதான் பயமா இருக்கு."

ஆண்ட்ரூஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்ப வேகமாத் தேடு" என்றான். நல்ல மனிதன்தான். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போய், துவைத்துக் காய்ந்திருந்த துணியையே மறுபடியும் உதறிப் போட்டுக்கொண்டிருந்தான்.

*

சத்யாவைக் கண்டுபிடிக்க ஒரு நாள் கூட ஆகவில்லை. பெரம்பலூரிலிருந்து துறையூர் சாலையில் ஐந்து கிலோமீட்டர். வீட்டு முன்னால் சின்ன வெங்காயம் கொட்டி ஆறப்போட்டிருந்தது. கணவன் மணிவேல் வெங்காயம் ஏற்றும் மினி லாரி ஓட்டுபவன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க மேடம். சத்யா எல்லாம் சொல்லியிருக்கு. கல்யாணத்தன்னிக்கே சொன்னேன், பிள்ளையக் கூட்டிட்டு வந்துடலாம்னு. எங்களுக்கும் பிள்ள இல்ல. அதுதான் கேக்க மாட்டேங்குது."

சத்யா கதவுக்குப் பின்னால் நின்றாள். முப்பது வயதுக்குள். பூமாலையின் நெற்றி அப்படியே இருந்தது.

"எப்படியிருக்கா செல்வக்கா பிள்ள?" என்றாள்.

"உங்க பிள்ளதானம்மா?"

சத்யா சட்டென்று கையை நீட்டி, ரீனாவின் வாயை மூட வருபவள்போல் நிறுத்தினாள். "அப்படிச் சொல்லாதீங்க!"

ரீனா பொறுமையாக விளக்கினாள். அரியலூருக்கு ஒரு நாள் வந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம். மணிவேலும் "சொல்லிட்டு வந்துருவோம் புள்ள" என்றான்.

"ரெண்ட எம்புள்ள எம்புள்ளன்னு கொஞ்சுனேன். ரெண்டும் போச்சு. இவள ஒரு நாளும் சொல்லல. மனசுக்குள்ளகூட செல்வக்கா பிள்ளன்னுதான் நெனப்பேன். அவ உசுரோட இருக்கறதே நான் அவளுக்கு அம்மா இல்லங்கறதாலதான். நீங்க படிச்சவங்க. உங்களுக்கு இது கிறுக்குத்தனம். எம்மேல கேஸ் போடுங்க, ஜெயிலுக்குப் போறேன். அத மட்டும் சொல்ல மாட்டேன்."

இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்ல ரீனாவுக்கு வாய் வரவில்லை. சட்டத்துக்கு வேண்டியது ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் பிள்ளை செத்துவிடும் என்று நம்புகிறாள் பெற்றவள். சொல்லாவிட்டால் வளர்த்தவளுக்குப் பிள்ளை இல்லை. ஆறிக் கிடந்த வெங்காயத்தின் நெடி கண்ணைக் கரித்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பஸ்ஸில் வரும்போது வந்திருந்தால் இரண்டு மணி நேரம் யோசித்திருப்பாள். அங்கேயே வந்ததால் அங்கேயே கேட்டுவிட்டாள்.

"தவிடு குடுத்து மீட்டுட்டா சொல்லலாமா?"

சத்யா மணிவேலைப் பார்த்தாள். "மூணுக்கு மீட்க வேண்டியது. ஆறு ஆச்சு. செல்வக்கா குடுக்குமா?"

"நான் கேக்கறேன். மீட்டுட்டா அவ உங்க பிள்ளன்னு தைரியமாச் சொல்லலாம்ல?"

"மீட்டுட்டா... சொல்லலாம். முறைதானே அது."

"சொல்லிட்டு, செல்வம்மா அக்காகிட்டயே வளரட்டும்னு கையெழுத்துப் போடணும்."

"அங்கயே இருக்கட்டும். நான் என்ன கேட்டேன்? உசுரோட இருந்தாப் போதும்" என்றாள் சத்யா. கண்ணைத் துடைக்காமலே சொன்னாள். அது பொய்யில்லை என்று ரீனா இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

ஆபீஸுக்கு வந்து அறிக்கையில் பெரம்பலூர் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். பொறுப்பான குடும்பம், நிலையான வருமானம், கணவர் அன்பானவர், குழந்தையை ஏற்கும் மனமுள்ளவர். குழு சத்யாவை, பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவள் என்று நினைத்து வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதியது. ஒவ்வொரு வரியும் உண்மை.

*

செல்வம்மாள் முழுவதும் கேட்டாள். அன்றைக்கு வேலை இல்லை. கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டுட்டா அவ பிள்ளதானே ரீனா?" 'அம்மா' போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருந்தாள்.

"முறைக்குத்தாங்கக்கா. அப்பறம் அவங்க எழுதிக் குடுத்துருவாங்க. அதுக்கப்பறம் யாரும் உங்ககிட்டேருந்து பிள்ளையக் கேக்க முடியாது. கவர்மெண்டே கேக்க முடியாது."

"தவிட்ட நான் கையில வாங்குன ஒடனே எனக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்ல."

"ரெண்டு மணி நேரந்தான். கோயில்லேருந்து அரியலூர் போறவரைக்கும்."

"ரெண்டு மணி நேரம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள் செல்வம்மாள். "வேற வழி இல்லயா?"

"இருந்தா இத உங்ககிட்ட கேப்பனா?"

"நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்" என்றாள் ரீனா.

பதினைந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். மினி லாரியில் வந்திருந்த மணிவேல், மாட்டுத் தீவனக் கடையில் தவிடு வாங்கிக் கேரி பேக்கில் கொண்டு வந்திருந்தான். "கவர்ல குடுத்தா மாரியாத்தா ஒத்துக்க மாட்டா" என்று செல்வம்மாள் வீட்டுக்குப் போய்ப் படியும் முறமும் எடுத்து வந்தாள். பூமாலைக்குப் பச்சைப் பாவாடை, தலைக்குக் கனகாம்பரம்.

"இதுலயா உக்காரணும்? நான் இவ்ளோ பெருசு. முறம் பிச்சுக்கும்."

"சும்மா ஒக்காரு. நீ ஒண்ணும் யானை இல்ல."

ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் பூமாலை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், சத்யா கூட. செல்வம்மாள் முந்தானையை விரித்தாள். சத்யா படியைக் கவிழ்த்தாள். தவிடு விழுந்த சத்தமே கேட்கவில்லை. செல்வம்மாள் முடிச்சுப் போட்டுக்கொண்டு, "ஒம்பொருள ஒங்கிட்ட குடுத்துட்டேன்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. அதற்காகத்தான் வீட்டுக்குப் போய் வந்தாளோ என்னவோ.

சத்யா குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். ஆறு வயதுப் பிள்ளை, கனம். தூக்கி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். "எம்புள்ள" என்றாள். முதலில் சத்தமே வரவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. பிறகு சத்தமாக, "எம்புள்ள. எம்புள்ள. நான் பெத்த புள்ள." நிறுத்த முடியவில்லை அவளால். பூமாலை அவள் தோளுக்கு மேலாகச் செல்வம்மாளைப் பார்த்து, இந்த அத்தைக்கு என்ன ஆச்சு என்பதுபோலக் கண்ணை விரித்தாள்.

"போதும், எறக்கி விடு சத்யா, கால் தரையில தேயுது பாரு" என்றாள் செல்வம்மாள்.

சத்யா இறக்கிவிடவில்லை. ரீனா கொண்டு வந்திருந்த ஆபீஸ் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தாள்.

ரீனாவுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. ஆனால் காரில் ஏறியாயிற்று, பத்தரை மணிக்கு விசாரணை. உடையார்பாளையம் தாண்டும்வரை அவள் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். யாரைக் கூப்பிடுவது? என்ன சொல்லிக் கூப்பிடுவது?

*

"இது உங்க மகளாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"என் மகதாங்க."

"அறிக்கையில நீங்க செல்வம்மாள்கிட்ட விடச் சம்மதிக்கிறதா இருக்கு. சம்மதமா?"

சத்யாவின் மடியில் பூமாலை இருந்தாள். சத்யா அவளுடைய பாவாடை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். செல்வம்மாள் எதிர்ப் பெஞ்சில், தவிட்டு முடிச்சோடு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லீங்க" என்றாள் சத்யா. அழ ஆரம்பித்தாள். "குடுக்கறேன்னுதான் சொன்னேன். குடுக்கறதுக்குத்தான் வந்தேன். தூக்கிட்டேங்க. இனிமே என்னால முடியாது. செல்வக்கா, என்னைய அடி. செருப்பால அடி. என்னால முடியல."

மணிவேல் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரீனா எழுந்தாள். "மேடம், நாலு வருசமா பிள்ள இவங்கள மட்டுந்தான் அம்மாவாப் பாத்திருக்கு. இப்படி ஒரே நாள்ல..."

தலைவர் பூமாலையைக் கேட்டார். பூமாலை, "அம்மாகிட்ட" என்று செல்வம்மாளைக் காட்டினாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரீனா, நீங்க எழுதின அறிக்கைதான். பெத்த தாய் இருக்காங்க, கேக்கறாங்க. வீடு நல்ல வீடுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இவங்களக் கொறை சொல்ல ஒரு வரி இருக்கா இதுல? மொதல்ல பெத்தவங்ககிட்ட சேர்க்கப் பாருங்கறதுதானே சட்டம். அத மீறிப் போறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொல்ல ஒரு காரணமும் இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. கடைசியில் அவளால் கேட்டு வாங்க முடிந்தது ஒன்றுதான். மாதம் ஒரு முறை, இரண்டாம் சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், சமூகப் பணியாளர் முன்னிலையில் செல்வம்மாள் குழந்தையைப் பார்க்கலாம். தலைவர் அதை உத்தரவிலேயே எழுதிக் கொடுத்தார்.

பூமாலை அழவில்லை. மினி லாரியில் முன் சீட்டு என்றதும் ஏறிவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "அம்மா, நீ பின்னாடி பஸ்ஸுல வர்றியா?" என்று கத்தினாள். செல்வம்மாள் தலையாட்டினாள்.

அரியலூர் பஸ் நிலையத்தில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்காக இருவரும் நின்றார்கள். திட்டுவாள், அறைவாள் என்று ரீனா காத்திருந்தாள்.

"அவ பொய் சொல்லல" என்றாள் செல்வம்மாள். "நீயும் சொல்லல. நானும் மொத மொதல்ல சடங்குக்குத்தான் வாங்குனேன். கையில வாங்குறவரைக்கும் யாருக்குத் தெரியும்?"

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "முட்டையில மஞ்சக்கரு திங்க மாட்டா. வற்புறுத்துனா வாந்தி எடுத்துருவா. அவகிட்ட சொல்லிரு" என்றாள்.

*

அந்த வாரம் ரீனா வேலையை விடப்போவதாக ஆண்ட்ரூஸிடம் சொன்னாள்.

"விட்டுரு" என்றான் அவன். "எத்தன நாளாச் சொல்றேன். நீ தூங்கி நாளாச்சு."

ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்துவிட்டாள். அதை இருதயநாதன் சார் மேசையில் வைக்கப் போனபோது, உத்தரவின் நகல் அங்கே இருந்தது. 'சமூகப் பணியாளர் முன்னிலையில்.' இவள் போனால் இந்த இடம் நிரம்ப ஆறு மாதம் ஆகும், ஒரு வருடமும் ஆகும். அதுவரை முன்னிலை இல்லை. முன்னிலை இல்லாவிட்டால் சந்திப்பு இல்லை. வருகிற புது ஆளுக்கு இது நூறு கோப்பில் ஒரு கோப்பு. ரீனா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

இரண்டாம் சனிக்கிழமை பத்து மணிக்குப் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் செல்வம்மாள் காத்திருந்தாள். விரலை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்திருந்தாள் போல, கறுப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. பை நிறைய முறுக்கு.

சத்யா வாசலிலேயே நின்று, "வாக்கா" என்றாள். செல்வம்மாள், "வரேன்" என்றாள். மணிவேல் காபி வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டான். சின்ன வீடு. நாலு பேரும் ஒரே அறையில், ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும்படி உட்கார்ந்திருந்தார்கள்.

பூமாலை கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புது ஸ்கூல், புது கவுன், காதில் புதுத் தோடு. வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு செல்வம்மாளிடம் ஓடி வந்து, "அ..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். திரும்பிச் சத்யாவைப் பார்த்தாள். "இங்க பாரேன்" என்று மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சத்யாவிடம் தண்ணீர் கேட்கும்போதும், "இங்க பாரேன், தண்ணி" என்றாள். இரண்டு மணி நேரத்தில் யாரையும் எந்தப் பெயர் சொல்லியும் அவள் கூப்பிடவில்லை. ஆறு வயதில் அதை அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு பெண்களும் அதைக் கவனித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு ரீனா நோட்டை மூடினாள். செல்வம்மாள் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள். பூமாலை தெரு முனைவரை கூடவே வந்தாள். செல்வம்மாளை முன்னே விட்டுவிட்டு ரீனாவின் சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க வந்தாத்தான் அவங்க வர முடியுமாமே?"

"யாரு சொன்னா?"

"பேசிக்கிட்டாங்க. நெசமா?"

"ஆமா."

"அடுத்த மாசம் வருவீங்களா?"

"வருவேன்."

"காச்ச வந்தா?"

"வருவேன்."

"மழை பேஞ்சா? பஸ்ஸு ஓடலன்னா?"

மார்ச்சில் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. மடித்த கடிதம் கைப்பையில் இருந்தது. நாளைக்கே தத்து வரிசையில் அவர்கள் எண் வந்து, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கவும் நேரலாம். பூமாலை துப்பட்டாவை விடவில்லை. முன்னே போன செல்வம்மாள் நின்று, திரும்பாமல், அந்தப் பதிலுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் சத்யாவும்.

"நடந்தாவது வருவேன்" என்றாள் ரீனா.

பூமாலை துப்பட்டாவை விட்டாள். "நான் ஒவ்வொரு சனிக்கெழமையா எண்ணிக்கிட்டு இருப்பேன்" என்றாள், எச்சரிப்பதுபோல.